பூவாத்தாள் பார்க்கப் போன கிரீடம்

கருகிய மோட்டார்கள் நாள் தவறாமல் கோயமுத்தூர் உக்கடத்துக்கு வந்து கொண்டிருந்த காலம் அது. கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக, அன்னூரிலும் சூலூரிலும் பல்லடத்திலும் தோட்டத்து மோட்டார்கள் ஓய்வில்லாமல் ஓடிக் கருகின. அவற்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து அப்துல் வஹீதின் ரீவைண்டிங் கடை வாசலில் இறக்குவார்கள். உள்ளே வெந்துபோன செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பள்ளங்களில் இறக்கிக் கட்டுகிற வேலை பூவாத்தாளுடையது. பதினேழு வயதில் அந்தக் கடைக்கு வந்தவள். வஹீதின் மனைவி உம்மல் குல்சும் எதிரில் உட்கார்ந்து, சுருள்கள் அவிழாமல் நூல் கட்டுவாள். இரண்டு பெண்களும் எண்ணிக்கை தப்பாமல் சுற்றிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசி முடிப்பார்கள்.

பூவாத்தாள் சுற்றிய மோட்டார் மறுபடி கருகித் திரும்பி வராது என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. அவளுக்கு அதில் பெருமைதான். ஆனால் அவள் மனசு கிடந்த இடம் வேறு.

அவள் அன்னூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, மாசி மாதத்து அமாவாசையன்று சூரிய கிரகணம் வந்தது. அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தது. நடுவில் கரிய வட்டம். அதைச் சுற்றி வெள்ளை இழைகள் தலைமுடி அவிழ்ந்தாற்போல நாலாபக்கமும் நீண்டிருந்தன. கீழே கொரோனா என்று எழுதியிருந்தது. முழுக் கிரகணத்தின்போது மட்டுமே வெறுங்கண்ணுக்குத் தெரியும் சூரியனின் வெளி மண்டலம் என்று ஒரே ஒரு வரி. பூவாத்தாள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிந்துபோகிற அளவுக்குப் புரட்டியிருந்தாள். கிரீடம் என்று அவளாகவே அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அவளையும் உள்ளே தள்ளித் தாழ்போட்டார்கள். ஆனால் அவர்கள் இருந்தது ஓலைச்சாளை, தென்னங்கீற்று வேய்ந்த குடிசை. கீற்றின் ஓட்டை வழியே தரையில் விழுந்த வெயில் வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, பிறைபிறையாக மாறியதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே, பொழுது என்று அவர்கள் சொல்கிற சூரியன் முக்கால்வாசி மறைந்து வெளிச்சம் சாம்பல் பூத்தது. கர்நாடகத்தில் ராய்ச்சூர்ப் பக்கம் அந்நேரம் முழுசாக மறைந்து கிரீடம் தெரியும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ராய்ச்சூர் எத்தனை தூரம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தான் நின்ற இடம் தப்பான இடம் என்று மட்டும் தெரிந்தது. அந்த எண்ணம் அன்றைக்கு உள்ளே புகுந்ததுதான். பிறகு வெளியே போகவில்லை.

பத்தாவதோடு படிப்பு நின்றது. கடை வேலைக்கு வந்தாள். இருபத்தொன்றாம் வயதில் கணபதிப் பகுதியில் ஒரு பவுண்டரியில் இரும்பு உருக்கி ஊற்றுகிற அங்கப்பனைக் கட்டிக்கொண்டாள். அங்கப்பன் சாது. பேச்சுக் குறைவு. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருவருமாகக் குடியிருந்தார்கள். பிள்ளை மட்டும் வரவில்லை. வருசம் ஒன்று, இரண்டு என்று போய்ப் பத்தானது.

அந்த வருசங்களில் பூவாத்தாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிற அறிவியல் கூட்டத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். வங்கியில் வேலை பார்க்கும் லட்சுமிநாராயணன் என்பவர் அதை நடத்தினார். பத்திரிகைகளும் புத்தகங்களும் அங்கே கிடைத்தன. ஒருநாள் ஒரு கட்டுரையில் அவள் படித்தது இதுதான். சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் பாகைச் சூடு. அதற்கு மேலே, வெட்டவெளியில் நீண்டு கிடக்கிற அந்தக் கிரீடமோ பத்து லட்சம் பாகைக்கும் மேல். ஏன் அப்படி என்று உலகத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. சூரியனுக்குள் இருந்து கிளம்பி வளைந்து மறுபடி உள்ளே போகிற காந்தக் கோடுகள், முறுக்கேறி முறுக்கேறி, சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாகச் சேரும்போது அதையெல்லாம் கொட்டிவிடுகின்றன என்று நினைக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சோறு போட்டுக்கொண்டே அங்கப்பனிடம் சொன்னாள்.

அங்கப்பன் நம்பவில்லை. பதினைந்து வருசம் உலை வாயில் நின்றவன். “அதெப்படி புள்ள? உலைய உட்டுத் தள்ளித் தள்ளிப் போனாச் சூடு கொறையோணும். ஊருல எங்கயாச்சும் எச்சாவுமா?” என்றான்.

“தீயோட சூடா இருந்தாக் கொறையுமுங்க. இது காந்தத்துல வர்றது,” என்றாள் அவள். “காயிலுக்குப் பேட்டரி குடுத்துச் சோதிப்பனுங்கள்ல, கம்பிய வெக்கறப்ப ஒண்ணும் ஆவாது. எடுக்கறப்பத்தான் சுள்ளுனு தீப்பொறி வரும். கரண்டு போனதுக்கப்புறம் அந்தப் பொறி எங்கிருந்து வந்துச்சு? சுருள்ல காந்தமாச் சேத்து வெச்சது, போறப்ப வெளிய வருது. அங்கயும் அந்த மாதிரிதான்னு எழுதியிருக்கறாங்க.”

அங்கப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தான். “அதைக் கண்ணால பாக்க முடியுமா?” என்று கேட்டான். காந்தத்தைப் பார்க்க முடியாது, அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒளியைப் பார்க்கலாம், முழுக் கிரகணம் வந்தால்தான் பார்க்கலாம் என்றாள். எப்போது வரும் என்றான். தொண்ணூற்றைந்து ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள் காலையில், ராஜஸ்தானத்தில் என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு, அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். ஏதோ கொடுமுடிக்கு ஆடிப்பெருக்குக்குப் போய்வருவது போலச் சொன்னான். பூவாத்தாள் அந்த வார்த்தையை இரண்டு வருசம் வைத்துக் காத்தாள்.

தொண்ணூற்றைந்தாம் வருசம் பிறந்தது. லட்சுமிநாராயணன் பதினைந்து பேருக்கு ரயிலில் இடம் பிடித்தார். அதில் பூவாத்தாளும் அங்கப்பனும் இருந்தார்கள். அந்த வருசம் சூரியன் அடங்கிக் கிடக்கிற காலம். அப்போது கிரீடத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் நிற்பதுபோலக் கோடு கோடாகத் தெரியும், இது பதினோரு வருசத்துக்கு ஒரு முறைதான் என்று அவள் படித்து வைத்திருந்தாள். குல்சுமிடம் ஒரு நாளைக்கு நாலு முறை சொல்வாள். கிரகணம் பிடித்தால் எங்கள் வழக்கத்தில் தனித் தொழுகை உண்டு, அது முடிகிற வரைக்கும் தொழுவோம், உனக்காகவும் கேட்டுக்கொள்கிறேன் என்று குல்சும் சொல்வாள்.

அப்போதுதான் அது நடந்தது. வைகாசியில் அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. முதலில் நம்பவில்லை. பத்து வருசம் வராதது இனியா வரும் என்று சும்மா இருந்தாள். டாக்டரம்மா உறுதியாகச் சொன்னபோது பூவாத்தாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோசத்தில் அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் வரும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐப்பசியில் ஏழாவது மாதம்.

புரட்டாசியில் அவளுக்கு ரத்தம் குறைவு என்றும், ரத்தக் கொதிப்பு ஏறுகிறது என்றும், மூன்று நாள் ரயிலில் போவதை நினைத்தே பார்க்கக் கூடாது என்றும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூவாத்தாள் வாதாடவில்லை. இரண்டு ஆசையும் சேர்ந்து ஒரே வருசத்தில் வந்து நின்றால் எதை விடுவது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் குழப்பம் இல்லாததால் வலி இல்லாமல் போய்விடவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு ரயில் கிளம்பியபோது வழியனுப்பப் போனாள். தங்கள் இருவர் இடத்திலும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நகர்ந்த பிறகும் நடைமேடையில் நின்றிருந்தாள். அங்கப்பனும் போகாமல் அவளோடு நின்றுவிட்டான்.

கோயமுத்தூரில் பாதிப் பொழுதுதான் மறையும். அதையாவது பார்ப்பேன் என்று அவள் இருந்தாள். ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒரு மாதமாக அவளே எழுந்து பேசியிருந்தாள். அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, நிழல் விழுவதால் வயிற்றுப் பிள்ளைக்கு எதுவும் நேராது என்று. சொன்னவள் தானே உள்ளே ஒளிந்து கிடந்தால் நன்றாயிருக்காது.

ஆனால் அங்கப்பனின் அக்கா முத்தாத்தாள் அன்னூரிலிருந்து வந்துவிட்டாள். பெற்றவர்கள் போன பிறகு அங்கப்பனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். பத்து வருசம் கழித்துத் தம்பிக்கு வாரிசு வருகிறது என்று முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழியுமாக வந்தவள், பூவாத்தாள் வெளியே போகப் போகிறாள் என்று கேட்டதும் கால் ஒடிந்தவளாக உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. கெஞ்சினாள். பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்றாள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றாள். ஒரு மூணு மணி நேரம் உள்ளே படுத்திருந்தால் உன் குடியா முழுகிப்போகும் என்று கேட்டாள்.

அங்கப்பன் நடுவில் நின்றான். அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கடைசியில், “உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய் புள்ள,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

பூவாத்தாள் போனாள். பள்ளிக்கூட மைதானம் தெரு முனையில்தான். ஏழு மாத வயிற்றோடு, நூறு பிள்ளைகளுக்கு நடுவே, கருப்பு அட்டைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொழுது. அதன் ஓரத்தை யாரோ கடித்தாற்போல ஒரு பள்ளம். எட்டே முக்கால் வாக்கில் பள்ளம் பாதிக்கு வந்தது. அவ்வளவுதான். அந்த நேரத்தில் ராஜஸ்தானத்தில் பதினைந்து பேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றிருப்பார்கள். அவள் வடக்குத் திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெயில் பழையபடி ஏறியது.

பத்து நாள் கழித்து லட்சுமிநாராயணன் ஒரு கலர் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முனையில் இருந்த கோடுகள் அவள் படித்தபடியே இருந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு, நேரில் எப்படி இருந்தது என்று கேட்டாள். அவர் நன்றாகப் பேசுகிற மனிதர். படத்தில் இருப்பது கால்வாசிகூட இல்லை, ஐம்பது வினாடிதான், நான் அழுதேன் என்று மட்டும் சொன்னார். படத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் குழந்தையைத் துடைத்துக் கொடுக்கும்போது பூவாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை. மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

முத்தாத்தாள் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. லைன் வீட்டில் தெரிந்தது, பவுண்டரியில் தெரிந்தது, அன்னூரில் தெரிந்தது. கிரகணத்தைப் பார்க்கப் போனாளாம் என்று ஊர் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொன்னது.

குழந்தைக்கு யுவஸ்ரீ என்று பேர் வைத்தார்கள். பாலை உறிஞ்ச முடியாது. பூவாத்தாள் பீய்ச்சி எடுத்துக் கரண்டியால் புகட்டினாள். டாக்டரம்மாவிடம் கேட்டாள். உதடு கூடுவது கருத்தரித்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே, நீ கர்ப்பமா இல்லையா என்று உனக்கே தெரியாத நாட்களில், கிரகணத்துக்கு நாலைந்து மாதம் முன்பே அது நடந்து முடிந்துவிட்டது என்று அவர் விளக்கினார். பூவாத்தாள் இதை என் வீட்டுக்காரர் முன்னால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று வேண்டி, அங்கப்பனைக் கூட்டிப் போனாள். அவன் கைகட்டி நின்று கேட்டான். சரிங்க டாக்டரம்மா என்றான். வீட்டுக்கு வந்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டான்.

அவன் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். குழந்தையை உயிராய்த்தான் வைத்திருந்தான். வேலைக்குப் போய்வந்தான், சோறு தின்றான், அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்தான். ஆனால் பொழுதைப் பற்றி, கிரீடத்தைப் பற்றி, அவள் படிப்பதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அந்த ஒரு கதவை மட்டும் சாத்திக்கொண்டான்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அவளுக்கே உள்ளே ஒரு சந்தேகம். எல்லாம் தெரியும். வைகாசியா ஐப்பசியா என்று கணக்குப் போடத் தெரியும். இருந்தாலும் குழந்தை பாலுக்கு அழுது உதடு விரிகிற ஒவ்வொரு முறையும், போகாமல் இருந்திருந்தால் என்ன என்று ஒரு குரல் கேட்கும். அறிவுக்குத் தெரிந்தது மனசுக்கு இறங்க மறுத்தது. ஞாயிற்றுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள்.

குல்சும்தான் ஒருநாள் நூல் கட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“ஏங்கண்ணு, என் தங்கச்சி யுஸ்ராவோட மூத்த பையன் அஃபானைப் பாத்திருக்கறயல்ல? மீசை வெச்சிருக்கறதுனால தெரியாது. அவனுக்கும் ஒதடு இப்பிடித்தான் இருந்துச்சு, தெச்சுத்தான் சரியாச்சு. அவ மாசமா இருந்த பத்து மாசத்துல எந்தக் கிரகணமும் வரல. அப்ப அது எதுனால வந்துச்சாம்? அல்லா குடுத்தான், வாங்கிக்கிட்டோம். நீ எதுக்கு இதைத் தலைமேல தூக்கிட்டுத் திரியற?”

பூவாத்தாள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். வஹீது உள்ளே வந்தவர், அப்படியே திரும்பிப் போய் டீ சொல்லி அனுப்பினார்.

ஐந்தாம் மாதத்தில் யுவஸ்ரீக்கு உதட்டைத் தைத்தார்கள். நன்றாகக் கூடியது. மூக்குக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் தெளிவாக வந்தது. தொண்ணூற்றேழு கடைசியிலும் அடுத்த வருசத்திலும் மதக் கலவரமும் குண்டுவெடிப்புமாக ஊர் பட்ட பாட்டில் உக்கடத்துக் கடைகள் நாள்கணக்கில் சாத்திக் கிடந்தன. அந்த நாட்களில் வஹீது மோட்டார்களைக் கணபதிக்கு அனுப்பிவைத்தார். பூவாத்தாள் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டார் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள்கூட அவள் அந்தக் கிரீடத்தை மறக்கவில்லை என்பதுதான் விசயம். மறந்துவிட வேண்டும் என்று முயன்றாள். துணி காயப்போடும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, கண்ணைக் கூசவைக்கிற அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அது இப்போதும் விரிந்துதான் இருக்கிறது, வெளிச்சம்தான் மறைக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். வந்ததும் குற்றம் செய்தவளைப்போலத் தலையைக் குனிந்துகொள்வாள்.

தொண்ணூற்றொன்பது ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில் முத்தாத்தாள் வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். முத்தாத்தாளின் மருமகள் மாசமாக இருந்தாள். ஆடிக் கடைசியில் இன்னொரு கிரகணம் வருகிறது என்று பேச்சு வந்தது. முத்தாத்தாள் மருமகளிடம், அன்றைக்கு நீ அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே, “இதா, கண்ணு முன்னால இருக்குதல்ல,” என்று யுவஸ்ரீயைக் காட்டினாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவள் நம்பியதைச் சொன்னாள்.

மூன்றரை வயசுக் குழந்தை தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தது. எல்லாரும் தன்னைப் பார்த்ததும் இடது கையை மெல்லத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டது. பொத்திக்கொண்டபடியே மென்றது.

பூவாத்தாள் எழப்போனாள். அதற்குள் அங்கப்பன் பேசினான்.

“அக்கா, எம்புள்ள ஒதட்டுக்கும் பொழுதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. டாக்டரம்மா எனக்கு அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் வாயத் தொறக்காம இருந்துபோட்டேன்.” தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்தான். “நாலு வருசமா ஊரு இவளச் சொல்லீட்டு இருந்துச்சு. நான் கேட்டுட்டு இருந்தேன். அது உங்க தப்பில்லீங்க, என் தப்பு. இனிமே எம்புள்ள கைய எடுத்து வாயப் பொத்தறாப்பல யாரும் பேசாதீங்க.”

முத்தாத்தாள் திகைத்துப் போனாள். அவள் வளர்த்த தம்பி அவளிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. எழுந்து வந்து குழந்தையின் கையை எடுத்து, தானே ஒரு வாய் ஊட்டினாள்.

திரும்பி வரும் பேருந்தில் யுவஸ்ரீ அவன் மடியில் தூங்கிவிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அங்கப்பன், இந்தத் தடவை எங்கே தெரியும் என்று கேட்டான். பூவாத்தாளுக்கு எதைக் கேட்கிறான் என்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குஜராத்தில், புஜ் என்ற ஊர்ப்பக்கம் என்றாள். போலாமா என்றான்.

போனார்கள். லட்சுமிநாராயணனின் குழுவில் மூன்று இடம் சேர்த்துக்கொண்டார்கள். மும்பை வரை ஒரு வண்டி, அங்கிருந்து இன்னொரு வண்டி. அங்கப்பன் கோயமுத்தூருக்கு வடக்கே அதிகம் போனதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்டேசன் பேரையும் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். இந்தத் தடவை கிரீடம் எப்படி இருக்கும் என்றும் கேட்டான். நாலு வருசத்துக்கு முன்பு இருந்ததுபோல் இருக்காது, இப்போது சூரியன் கொந்தளிக்கிற காலம், காந்தக் கோடுகள் எல்லாப் பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும், சூரியகாந்திப் பூ மாதிரி சுற்றிலும் இதழாக இருக்கும் என்றாள். அவன் யுவஸ்ரீயிடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

வழியெல்லாம் மழை. புஜ்ஜில் இறங்கியபோதும் வானம் மூடியே இருந்தது. ஆகஸ்டு பதினொன்றாம் தேதி சாயங்காலம், ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பெரிய தொலைநோக்கிக் குழாய்களைத் தாங்கிகளில் நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். ஐந்து மணிக்கு மேகம் கொஞ்சம் மெலிந்து, கடித்த பொழுது கண நேரம் தெரிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. மறுபடி மூடிக்கொண்டது.

ஆறு மணியை நெருங்கும்போது மேற்கே அடிவானத்திலிருந்து கருமை எழுந்து அவர்களை நோக்கி வந்தது. புயல் வருவதைப்போல வந்தது, ஆனால் காற்றில்லை. தலைக்கு மேலே மேகம் ஈயம்போலக் கறுத்தது. மைதானத்து வேப்பமரத்தில் பறவைகள் கலவரப்பட்டு அடங்கின. பக்கத்தில் நின்றவர் முகம் தெரியவில்லை. சுற்றிலும் அடிவானத்தில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு விளிம்பு.

“பொழுது எங்கம்மா?” என்று யுவஸ்ரீ கேட்டாள்.

“மேகத்துக்குப் பொறவால இருக்குது கண்ணு.”

“பூவு?”

“அதுவும் அங்கதான் இருக்குது.”

பூவாத்தாள் அண்ணாந்து, பொழுது இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேகம் ஒரு மைல் கனம்கூட இருக்காது. பத்தொன்பது வருசம், இரண்டாயிரம் கிலோமீட்டர், கடைசியில் அந்த ஒரு மைல். ஒரு நிமிடத்தில் மேற்கே வெளுத்தது. இருட்டு அவர்களைத் தாண்டிக் கிழக்கே ஓடிப்போனது. யாரோ கைதட்டினார்கள். பலர் பேசாமல் நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குழாய்க்குப் போர்த்திய தாளை மடித்துக்கொண்டே அழுதார்.

அங்கப்பன்தான் அதிகம் உடைந்துபோனான். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மேகத்தையே முறைத்துப் பார்த்தபடி நின்றான். இத்தனை தூரம் கூட்டி வந்து காட்ட முடியவில்லையே என்று, ஏதோ மேகத்துக்கும் தானே பொறுப்பு என்பதுபோல் சொன்னான். பூவாத்தாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே அவள் அப்படிப் பிடித்ததில்லை. நீங்கள் கேட்டீர்களே, அது போதும் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அது முழு உண்மையில்லை என்று தோன்றியதால் சொல்லவில்லை. நம் நாட்டில் அடுத்தது இரண்டாயிரத்தொன்பதில், அதுவும் ஆடி மாதம்தான் என்று மட்டும் சொன்னாள். அவன் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்போது யுவஸ்ரீக்குப் பதின்மூன்று வயசு என்றான்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், லட்சுமிநாராயணன் பூவாத்தாளைக் காந்திபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு வரச்சொன்னார். அங்கப்பனும் கூட வந்தான். வானத்தில் சுற்றுகிற ஒரு செயற்கைக்கோள், கிரகணத்துக்குக் காத்திராமல் நாள்தோறும் கிரீடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறது என்றார். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. பாதி வந்து நின்றது. பிறகு மீதியும் வந்தது. சூரியனின் விளிம்பிலிருந்து நெருப்பு நூல்கள் எழுந்து, வளையம் வளையமாக வளைந்து, திரும்ப உள்ளே இறங்கியிருந்தன. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பூமியைப்போலப் பல உருண்டைகளை நிறுத்தலாம் என்று அவர் சொன்னார். காந்தக் கோடுகள். அவள் பல வருசமாகப் படித்ததெல்லாம் கண்ணெதிரே நின்றது.

பூவாத்தாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திரையைத் தொடாமல், விரலால் ஒரு வளையத்தின் போக்கைக் காற்றில் வரைந்தாள். அங்கப்பன் பின்னால் குனிந்து நின்று பார்த்தான். இதெல்லாம் இப்போது, இந்த நிமிசம், மேலே நடந்துகொண்டிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றார் லட்சுமிநாராயணன்.

“அப்பறம் என்ன புள்ள, பாத்துட்டயல்ல?” என்றான் அங்கப்பன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினாள். “இது மெசின் பாத்ததுங்க,” என்றாள். “நான் பாக்கோணும்.”

வெளியே வந்தபோது உச்சிப்பொழுது. கிராஸ்கட் ரோட்டில் வெயில் கொளுத்தியது. அங்கப்பன் கடை ஓரத்து நிழலாகப் பார்த்து நடந்தான். பூவாத்தாள் வெயிலிலேயே நடந்தாள்.